நாலு எழுத்தில் ஒரு ஸ்டுடியோ

மும்பையின் மான்குர்த்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்குப் பெயர்ப்பலகை வைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. கல்யாண ஆல்பம் கேட்டு வருகிறவருக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு நிற்கிற பையன் மராத்திப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவன். நிக்காஹ் வீடியோவுக்கு முன்பணம் கொடுக்கிற வீட்டில் உருது படிப்பார்கள். இவர்கள் எல்லாருடைய கைப்பேசியிலும் ஆங்கிலமும் இருக்கிறது. ஒரே தெருவில் நாலு எழுத்துக்கும் ஆள் உண்டு. ஒன்றை விட்டாலும் ஒரு வாசல் சாத்தியது மாதிரிதான்.

தெருப் பலகைக்குச் சட்டம் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் கடைப் பெயர் மராத்தியில், தேவநாகரி எழுத்தில் இருந்தாக வேண்டும். மற்ற மொழி எழுத்துகள் அதைவிடப் பெரிதாக நிற்கக் கூடாது. 2022-இல் சட்டத்தைத் திருத்தி, பத்துப் பேருக்கும் குறைவாக வேலை செய்யும் சின்னக் கடைகளையும் இதற்குள் கொண்டுவந்தார்கள். 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கடைக்காரர்களுக்கு இரண்டு மாத அவகாசம் கொடுத்தது. நவம்பர் 25 கெடு. மும்பை முழுக்கப் பலகைகள் மாறின. ஃப்ளெக்ஸ் கடைகளுக்கு நல்ல வேலை.

இணையப் பக்கத்துக்கு அப்படி ஒரு சட்டமும் கிடையாது. எந்த எழுத்து எவ்வளவு பெரிது, எது மேலே, எது கீழே என்பதெல்லாம் ஸ்டுடியோக்காரரின் ரசனைக்கு விட்ட விஷயம். அந்த ரசனை தெரிகிற இடமும் அதுதான். படம் எடுக்கிறவர், வீடியோ வெட்டுகிறவர், பேனர் வடிவமைக்கிறவர், அழைப்பிதழ் அச்சடிக்கிறவர் என்று யாராக இருந்தாலும், அவருடைய பக்கம் திறந்த மூன்றாவது நொடியில் அவர் கைவேலையைப் பற்றி ஒரு முடிவு எழுந்துவிடும். அந்த முடிவைப் படங்களை முந்திக்கொண்டு தீர்மானிப்பது எழுத்து. ஒரு தமிழ்த் தலைப்பு சரியாக உட்கார்ந்திருக்கிற பக்கத்தைப் பார்ப்பது நல்ல நாதஸ்வரச் சீவாளியின் முதல் ஊதலைக் கேட்பது போன்ற சுகம். ஆனால் அப்படிப்பட்ட பக்கங்கள் குறைவு.

பெரும்பாலும் நடப்பது வேறு. ஆங்கிலத்துக்கென்று செய்த ஒரு டெம்ப்ளேட்டை வாங்கி, அதில் தமிழைக் கொண்டுபோய் ஒட்டுவார்கள். தமிழ் ஒட்டாது. ஆங்கில எழுத்துக்கு மேலும் கீழும் விட்ட இடம் தமிழுக்குப் போதாது. மேல் வரியின் உகரக் கொக்கி கீழ் வரியின் புள்ளியில் போய் இடிக்கும். சாய்வெழுத்து என்று டெம்ப்ளேட்டில் இருந்தால், பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் அதற்கென்று வரைந்த வடிவம் இல்லாததால் உலாவியே எழுத்துகளைப் பிடித்துச் சாய்த்துவிடும். காற்றில் சாய்ந்த வாழைத்தோப்பு மாதிரி ஒரு பத்தி. இதையெல்லாம் பார்த்துச் சலித்த ஸ்டுடியோக்காரர் கடைசியில் தமிழ் வரிகளை போட்டோஷாப்பில் அடித்து, படமாக்கி ஏற்றிவிடுவார். கண்ணுக்குத் தமிழ் தெரியும். கூகுளுக்கு அது வெறும் படம். தேடலில் வராது, பெரிதாக்கினால் மங்கும், பார்வையற்றவருக்கு வாசித்துச் சொல்லும் மென்பொருளுக்கும் பிடிபடாது.

இதற்கு மருந்து மும்பையிலேயே தயாரானது என்பதுதான் இந்தக் கதையின் ருசியான பகுதி.

மும்பைக்கும் கணினித் தமிழ் எழுத்துக்கும் உள்ள உறவு பழையது. விண்டோஸ் 2000-த்தோடு வந்த 'லதா' எழுத்துருவை நினைவிருக்கும். ஒரு தலைமுறை தன் முதல் தமிழ் மின்னஞ்சலைப் படித்தது அந்த எழுத்தில்தான். அதன் வடிவமைப்பை வழிநடத்தியவர் பேராசிரியர் ஆர். கே. ஜோஷி. விளம்பரத் துறையில் வேலை பார்த்து, பவாய் ஐஐடியின் வடிவமைப்புப் பள்ளியில் பல ஆண்டுகள் கற்பித்து, பிறகு ஜூஹூவில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்தில் இந்திய மொழி எழுத்துகளைக் கணினிக்குக் கொண்டுவந்த மனிதர். இந்திக்கும் மராத்திக்கும் விண்டோஸில் இருந்த 'மங்கள்' அவர் கை பட்டதே. 2008-இல் காலமானார். லதா அழகி என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அன்றைய மங்கலான திரைகளில் அவள் தெளிவாகப் படிக்கக் கிடைத்தாள். அடிப்படை வேலை அது.

அடுத்த தலைமுறை 'ஏக் டைப்'. சாரங் குல்கர்ணி, நூபுர் தாத்யே, கிரீஷ் தல்வி ஆகியோர் சேர்ந்து மும்பையில் தொடங்கிய எழுத்துரு வடிவமைப்புக் குழு. தல்வி அதே ஐஐடி வடிவமைப்புப் பள்ளியில் பேராசிரியர். இவர்கள் செய்த 'பலூ' குடும்பம் கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது. கட்டற்ற உரிமத்தில் இருப்பதால் ஸ்டுடியோவின் பக்கத்திலும், பலகையிலும், டி-சட்டையிலும் காசில்லாமல் பயன்படுத்தலாம். தேவநாகரியில் பலூ. பஞ்சாபியில் பலூ பாஜி. குஜராத்தியில் பலூ பாய். வங்காளத்தில் பலூ தா, மலையாளத்தில் பலூ சேட்டன், தெலுங்கில் பலூ தம்முடு, உருதுவில் பலூ பாய்ஜான். தமிழில் பலூ தம்பி. பெரும்பாலும் அண்ணன் தம்பி முறை வைத்தே பெயர். ஒரு பொருளை விற்பதற்கு முன்னால் அதற்குப் பெயர் வைக்கிற கலையை இவர்களிடம் படிக்கலாம். பெயரைக் கேட்ட மாத்திரத்தில் இது குடும்பம் என்று தெரிகிறது, மறக்கவும் முடிவதில்லை.

பலூ தம்பியை வரைந்தவர் ஆதர்ஷ் ராஜன். பருத்த உடம்பு, மழுங்கிய முனைகள், எங்கேயும் உறுத்தாத வளைவுகள். தடித்த தமிழ் எழுத்து வரைவதில் ஒரு கஷ்டம் உண்டு. 'ணை', 'ஞ', 'ஜ' போன்றவற்றில் சுழி மேல் சுழியாக வரும்; கோட்டைத் தடிமனாக்கினால் உள்ளே இருக்கும் வெளிச்சம் அடைத்துக்கொண்டு எழுத்து மைச்சொட்டாகிவிடும். பலூ தம்பியில் சுழிகளுக்குள் வெளிச்சம் மிஞ்சியிருக்கிறது. 'அண்ணன்' என்று அடித்துப் பெரிதாக்கிப் பாருங்கள்: நடுவில் வரும் இரண்டு ணகரங்களும் மூச்சு விட்டுக்கொண்டு நிற்கின்றன. முதலில் ஒரே கனத்தில் வந்த குடும்பம், இரண்டாம் பதிப்பில் ஐந்து கனங்களுக்கு விரிந்திருக்கிறது. தலைப்புக்கு ரொம்பக் கனமானதை வைத்து, அடுத்த வரிக்கு நடுத்தரத்தை வைத்தால் பக்கத்துக்கு ஒரு ஏற்ற இறக்கம் கிடைக்கும்.

மான்குர்த் ஸ்டுடியோவுக்கு இந்தக் குடும்பம் ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்றால், மேலே சொன்ன நாலு வாசலுக்கும் ஆள் இருக்கிறது. தமிழுக்குத் தம்பி, மராத்திக்கும் இந்திக்கும் மூத்த பலூ, உருதுவுக்குப் பாய்ஜான், ஆங்கில எழுத்து எல்லாவற்றுக்குள்ளும் உண்டு. நாலும் ஒரே கை எழுதியது போல, ஒரே கனத்தில், ஒரே குணத்தில் பக்கத்தில் நிற்கும். பலகையில் மராத்திக்கு ஒரு கலைஞர், தமிழுக்கு ஒரு பழைய டிடிபி ஃபாண்ட், உருதுவுக்கு இன்னொன்று என்று ஒட்டுப்போட்டுப் பழகிய கண்ணுக்கு இந்த ஒற்றுமை பெரிய விருந்து.

உருதுவில் மட்டும் ஒரு கவனம் வேண்டும். பாய்ஜான் எழுத்துகள் நேர்கோட்டில் உட்கார்கிறவை. உருது வாசகரின் கண் பழகியது மேலிருந்து சரிந்து இறங்கும் நஸ்தலீக் பாணி. ஆகவே ஸ்டுடியோ பெயருக்கும் குட்டித் தலைப்புக்கும் பாய்ஜான் போதும். நாலு வரி விவரம் எழுதுவதென்றால் நோட்டோ நஸ்தலீக் எழுத்துருவை எடுத்து, வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விடவேண்டும். அந்தப் பத்தி வலமிருந்து இடம் ஓடுகிறது என்று நிரலில் குறிப்பிடவும் வேண்டும். குறிப்பிடாவிட்டால் ஆச்சரியக்குறி வரியின் தப்பான முனைக்குப் போய்விடும். படிக்கிற வீட்டார் அதைப் பார்த்த உடனே கண்டுபிடிப்பார்கள்.

பத்தி எழுத்துக்கு பலூ ஆகாது. தலைப்புக்காகப் பிறந்தது. அதற்கு ஏக் டைப்பின் இன்னொரு குடும்பம் உண்டு: 2022-இல் வந்த 'அனேக்'. ஒன்பது இந்திய எழுத்துகள், கூடவே ரோமன், ஆக மொத்தம் பத்து. தமிழ்ப் பகுதி இதிலும் ஆதர்ஷ் ராஜனுடையது. இதன் சிறப்பு, ஒரே கோப்புக்குள் கனமும் அகலமும் வேண்டிய மட்டும் மாறும். கனம் 100-இலிருந்து 800 வரை, அகலம் 75-இலிருந்து 125 வரை. மாறும் எழுத்துரு, அதாவது வேரியபிள் ஃபாண்ட் என்பார்கள்.

அகலம் மாறுவது ஆங்கிலக்காரருக்கு ஆடம்பரம். தமிழனுக்கு அவசியம். தமிழ்ச் சொல் நீளம், எழுத்தும் அகலம். 'புகைப்படக்கலைஞர்கள்' என்று ஒரு பொத்தானில் எழுத வேண்டியிருக்கிறது. கைப்பேசித் திரையின் அகலம் வடிவமைப்பாளர் கணக்கில் சுமார் 360 புள்ளி. இரண்டு பக்கமும் ஓரம் விட்டது போக மிச்சத்தில் இந்தச் சொல்லைப் பெரிய எழுத்தில் வைத்தால் பொத்தான் பிதுங்கும், அல்லது 'கள்' மட்டும் தனியாக அடுத்த வரிக்கு விழும். அனேக்கில் அகலத்தை 80-க்குக் குறைத்தால் சொல் முழுசாக உள்ளே உட்கார்ந்துகொள்ளும். இயந்திரம் நசுக்கிய எழுத்து மாதிரியும் இருக்காது. குறுகிய வடிவத்தையும் வடிவமைப்பாளரே வரைந்து கொடுத்திருப்பதால் கோட்டின் தடிமன் கெடாமல் சுழி மட்டும் ஒடுங்குகிறது. சாதாரண எழுத்துருவை போட்டோஷாப்பில் பக்கவாட்டில் நசுக்கிப் பாருங்கள், வித்தியாசம் புரியும்: நிற்கும் கோடுகள் இளைத்து, படுக்கைக் கோடுகள் தடித்துத் தெரிந்து, எழுத்துக்கு ரத்தசோகை வந்த மாதிரி ஆகிவிடும்.

எழுத்துரு விஷயத்தில் மும்பையோடு நிற்க வேண்டியதும் இல்லை. பிரியா ரவிச்சந்திரனின் 'கேட்டமரான்', இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸின் 'பவனம்', டைரோ கூட்டத்தாரின் 'டைரோ தமிழ்' எல்லாம் அதே கூகுள் ஃபாண்ட்ஸில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. கவிதை, கதை போன்ற நீண்ட வாசிப்புக்கு டைரோ தமிழ் தனி அழகு. ஆனால் ஒரு பக்கத்துக்கு இரண்டு எழுத்துருக்கள் போதும். மூன்றாவது வரும்போதே ஃப்ளெக்ஸ் கடை வாசனை வந்துவிடும்.

இப்போது ஒரு சொல்லை எடுத்து மேஜை மேல் வைத்துப் பார்க்கலாம். 'ஸ்டுடியோ'. இந்தத் தொழிலில் எல்லாருடைய பக்கத்திலும் வருகிற சொல். இதன் கடைசி எழுத்து 'யோ'. ஒலியில் ஒன்று, உருவில் மூன்று துண்டு: இரட்டைச் சுழிக் கொம்பு, யகரம், கால். ஆங்கிலத் தலைப்புகளில் எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு விரித்துப் போடுவது ஒரு பாணி. அதே அமைப்பைத் தமிழுக்கும் விட்டுவிட்டால் பாதகம் நடக்கும். சில மென்பொருள்களில் கொம்பு யகரத்தை விட்டு விலகி 'டி'யின் பக்கம் சாயும். கால் தனியாக நிற்கும். படிக்கிறவர் ஒரு கணம் தடுக்குவார். ஆகவே தமிழில் எழுத்து இடைவெளி பூஜ்யமாகவே இருக்கட்டும். வரி இடைவெளியைத்தான் கூட்ட வேண்டும்: எழுத்தின் அளவைப் போல் 1.6-இலிருந்து 1.8 மடங்கு வரை. பத்தி எழுத்து 17, 18 புள்ளிக்குக் குறைய வேண்டாம். தமிழ் என்று நிரலில் மொழிக் குறியீடு போட்டு, பொய்ச் சாய்வையும் பொய்த் தடிப்பையும் தடுக்கும் கட்டளையும் சேர்த்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இதே 'யோ' போட்டோஷாப்பிலும் கழுத்தை அறுக்கும். அங்கே, பழைய பதிப்புகளில், பத்தி அமைப்பில் ஆங்கிலத்துக்கான கம்போசர் இருந்தால், யுனிகோடில் அடித்த கொம்பு இடம் மாறிப் போகும். வேர்ல்ட் ரெடி என்ற அமைப்புக்கு மாற்றினால் சரியாகிவிடும். இது தெரியாததால்தான் எத்தனையோ வடிவமைப்பாளர்கள் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பாமினியில் அடித்தது அச்சில் நன்றாகவே வரும். அதை அப்படியே நகலெடுத்து இணையப் பக்கத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியுமாக ஒரு குப்பை விழும். பேனருக்கு ஒரு தமிழ், பக்கத்துக்கு ஒரு தமிழ் என்று இரண்டு தடவை தட்டச்சு செய்கிற ஸ்டுடியோக்கள் இந்த ஒரு அமைப்பை மாற்றினால் மாதத்துக்கு எத்தனையோ மணி நேரம் மிச்சம்.

எழுத்துக்கு அடுத்தது வேகம். பக்கத்தைப் பார்க்கிறவர் சோபாவில் உட்கார்ந்து பார்ப்பதில்லை. பன்வேல் லோக்கலில், கோவண்டிக்கும் வாஷிப் பாலத்துக்கும் நடுவே, ஒரு கை கம்பியைப் பிடித்திருக்க மறு கைக் கட்டைவிரலால் பார்க்கிறார். கூகுள் வைத்திருக்கும் அளவுகோல் தெளிவானது: பக்கத்தின் பிரதானப் படம் அல்லது தலைப்பு 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும். தொட்டால் 200 மில்லி நொடிக்குள் பக்கம் அசைந்து கொடுக்க வேண்டும். ஏறிக்கொண்டிருக்கும்போது எழுத்துகள் குதிக்கக் கூடாது. வருகிற நாலு பேரில் மூன்று பேருக்காவது இது கிடைத்தால்தான் தேர்ச்சி. பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற இலவசக் கருவியில் பக்க முகவரியைப் போட்டால் மதிப்பெண் வந்துவிடும்.

ஸ்டுடியோக்காரர்கள் இதில் தோற்பது படங்களால். கேமராவிலிருந்து இறக்கிய படத்தை அப்படியே ஏற்றுவார்கள். ஒவ்வொன்றும் பல எம்பி. 1600 புள்ளி அகலத்துக்குக் குறைத்து வெப்பி வடிவில் சேமித்தால் திரையில் அதே படம், சுமை அதில் ஒரு துணுக்கு. கீழே வருகிற படங்களுக்கு லேசி லோடிங், அதாவது திரைக்கு நெருங்கும்போது மட்டும் ஏறும் ஏற்பாடு, வைக்கலாம். மேலே தெரியும் முதல் படத்துக்கு வைக்கவே கூடாது, வைத்தால் முக்கியமான படம்தான் கடைசியில் வரும். எழுத்துருக் கோப்பு வந்து சேரும்வரை கைப்பேசியில் இருக்கும் தமிழ் எழுத்தில் பக்கம் தெரியட்டும் என்று ஒரு கட்டளை உண்டு. அதைப் போட்டுவிட்டால் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு யாரும் நிற்க வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழும், ஐபோனில் மலேசியாவின் முத்து நெடுமாறன் வடிவமைத்த தமிழ்ச் சங்கம் எழுத்தும் ஏற்கெனவே இருக்கின்றன. இரண்டும் நல்ல எழுத்துகளே. கையில் பணமோ நேரமோ இல்லாத ஸ்டுடியோ, பத்திகளை அவற்றில் விட்டுவிட்டு, பெயருக்கு மட்டும் பலூ தம்பியைக் கூப்பிட்டால் போதும்.

திறந்தவுடன் தானாகப் பாட்டு ஓடுவது, ஐந்து படம் மாறி மாறிச் சறுக்குவது, லோகோ சுற்றிச் சுற்றி வந்து வரவேற்பது இவையெல்லாம் வேண்டாம். ஒருவரும் ரசித்ததில்லை.

என்ன காட்டுவது என்பதில் தாராவி ஒரு பாடம் வைத்திருக்கிறது. 2016-இல் ஹோர்ஹே மான்யெஸ் ரூபியோ, அமாண்டா பினாதி என்ற இரண்டு பேர் அங்கே ஒரு அருங்காட்சியகம் தொடங்கினார்கள். கட்டடம் கிடையாது, தள்ளுவண்டி. தாராவியில் செய்கிற அன்றாடப் பொருள்களை அதில் வைத்துத் தெருத் தெருவாகக் கொண்டுபோனார்கள். பொருள் எளிமையானது. ஆனால் தாராவி என்றால் வறுமைப் படம் மட்டும் பார்த்துப் பழகிய உலகம், இணையத்தில் அந்த வண்டியைப் பார்த்து அதன் கைவினையைப் பேசியது. தொகுப்பு சின்னது, ஒவ்வொரு பொருளும் செய்தவருடைய கையோடும் புழங்குகிற இடத்தோடும் சேர்ந்து தெரிந்தது. முந்நூறு கல்யாணப் படங்களை ஏற்றி வைத்திருக்கிற ஸ்டுடியோ, எட்டுக் கல்யாணங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் நாலு வரி எழுதட்டும். எந்த மண்டபம், எத்தனை மணி வெளிச்சம், மழையில் எப்படிச் சமாளித்தார்கள், ஆல்பத்துக்கு என்ன தாள். இந்த நாலு வரி உண்மையான யுனிகோட் தமிழில் இருந்தால் தேடலிலும் வரும். 'மணமக்கள் புகைப்படம்' என்று படக் கோப்புக்கு மாற்றுவரி கொடுப்பதைவிட 'செம்பூர் மண்டபத்தில் மாலை மாற்றும் மணமக்கள், மேலிருந்து எடுத்தது' என்று கொடுப்பது நல்லது. பார்க்க முடியாதவருக்கும் அதில் ஒரு காட்சி கிடைக்கிறது.

தாராவி ராப் குழுக்களிடமும் ஒரு பாடம் உண்டு. டோப்படெலிக்ஸ் பையன்கள் தங்கள் வீடியோக்களைத் தாங்களே யூடியூபில் போட்டு வளர்ந்தவர்கள். தமிழ், இந்தி, மராத்தி மூன்றையும் தெருவில் பேசுகிறபடி பாடினார்கள். 2018-இல் 'காலா' படத்தின் பாடல்களில் அவர்கள் குரல் வந்தது. சொந்தத் தெருவின் பேச்சை மறைக்காமல் வைத்ததால்தான் அந்தக் குரல் தனியாகக் கேட்டது.

மான்குர்த் ஸ்டுடியோக்காரர்கள் பலர் இதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். முகவரியில் 'செம்பூர் கிழக்கு' என்று போடுகிற பழக்கம் இருக்கிறது. காரணம் எல்லாருக்கும் தெரியும். தேவ்னார் குப்பைமேடு, மண்டாலா பழைய சாமான் கிடங்குகள், மறுகுடியேற்றக் கட்டடங்கள் என்று இந்த வட்டாரத்தைப் பற்றி வருகிற செய்திகள் அப்படி. ஆனால் இந்த வட்டாரத்துக்கு வேறு வரலாறும் உண்டு. ஜோக்கின் அற்புதம் என்ற தமிழர் குடிசைவாசிகளைத் திரட்டக் கிளம்பியது இங்கிருந்த ஜனதா காலனியில். 1976-இல் அதை இடித்தபோது அந்த மக்கள் போய்ச் சேர்ந்த இடம்தான் சீத்தா கேம்ப். பக்கத்துக் கோவண்டியில், நட்வர் பாரேக் காம்பவுண்டு என்ற மறுகுடியேற்றக் குடியிருப்பில், 2023 பிப்ரவரியில் அந்த ஊர் இளைஞர்களோடு சேர்ந்து கோவண்டி கலைவிழா ஐந்து நாள் நடந்தது. விழாவின் பெயரிலேயே ஊரின் பெயர் நின்றது. அடுத்த முறை ஒருவர் 'கோவண்டி' என்று தேடியபோது குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் விளக்கு ஊர்வலப் படங்களும் வந்தன. ஒரு வட்டாரத்தின் பெயரை நிமிர்த்துகிற வேலையை இணையத்தில் கலைஞர்கள் செய்ய முடியும் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் சாட்சி வேண்டாம்.

ஊர்ப் பெயரை மறைப்பதில் வியாபார நஷ்டமும் உண்டு. 'பக்கத்தில் போட்டோ ஸ்டுடியோ' என்று தேடுகிறவருக்குக் கூகுள் காட்டுவது இருக்கும் இடத்தை வைத்து. கூகுள் பிசினஸ் புரொஃபைலில் ஒரு முகவரி, இணையப் பக்கத்தில் இன்னொன்று, இன்ஸ்டாகிராமில் மூன்றாவது என்று இருந்தால் நம்பகம் குறையும். பெயர், முகவரி, போன் எண் மூன்றும் எல்லா இடத்திலும் எழுத்து மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டும். தமிழில் மான்குர்த், மான்கூர்டு, மான்குர்டு என்று பலவிதமாகத் தேடுகிறார்கள். ஒன்றைத் தலைப்பில் வைத்து, மற்றதை வழி சொல்லும் பத்தியில் இயல்பாக ஒரு தடவை கொண்டுவந்தால் போதும். தமிழுக்கு ஒரு பக்கம், மராத்திக்கு ஒரு பக்கம், உருதுவுக்கு ஒரு பக்கம் என்று தனித்தனி இணைய முகவரி கொடுப்பதும் தேடலுக்கு நல்லது.

எல்லாவற்றையும் இன்ஸ்டாகிராமிலேயே வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு 2020 ஜூன் 29-ஐ ஞாபகப்படுத்தலாம். அன்று இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் டிக்டாக் ஒன்று. ராத்திரியோடு ராத்திரியாக எத்தனையோ நடனக் குழுக்களின் ரசிகர் பட்டாளம் காணாமல் போனது. அடுத்த மாதமே ரீல்ஸ் வந்தது. ஆனால் எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கியது. ஆர்குட் 2014-இல் மூடியது. ஃபிளாஷில் செய்த ஸ்டுடியோ பக்கங்கள், அந்தக் காலத்தில் மிகப் பகட்டானவை, 2020 முடிவில் ஃபிளாஷ் நின்றதும் திறக்காமல் போயின. சின்னக் கடைகளுக்குக் கூகுள் இலவசமாகக் கட்டிக்கொடுத்த ஒற்றைப் பக்கத் தளங்களைக் கூகுளே 2024 மார்ச்சில் நிறுத்தியது. ரீல்ஸ் போடட்டும், நிறையப் போடட்டும். ஆனால் ஸ்டுடியோவின் சொந்தப் பெயரில் ஒரு இணைய முகவரி வாங்கி, நல்ல வேலைகள் எல்லாம் முதலில் அங்கே சேரட்டும். ரீல்ஸ் அங்கே ஆளைக் கூட்டிக்கொண்டு வரட்டும்.

வந்தவர் பேசப்போவது வாட்ஸாப்பில். பக்கத்தின் கீழ் ஓரத்தில் ஒரு பொத்தான். தொட்டால் 'அண்ணே, கல்யாணத்துக்குத் தேதி இருக்கா?' என்ற வரி ஏற்கெனவே அடித்து வைத்தபடி வாட்ஸாப் திறக்கும்படி இணைப்பு அமைக்கலாம். மராத்திப் பக்கத்தில் மராத்தி வரி, உருதுப் பக்கத்தில் உருது வரி. என்ன கேட்பது என்று தயங்குகிறவருக்கு இது பெரிய உதவி. இன்னொன்று: பக்கத்தின் இணைப்பை ஒருவர் குடும்ப குரூப்பில் போடும்போது கூடவே தெரிகிற குட்டிப் படத்தையும் இரண்டு வரியையும் ஸ்டுடியோக்காரரே தீர்மானிக்கலாம். 1200-க்கு 630 என்ற அளவில், எடை குறைந்த ஒரு படம். அதில் லோகோவைப் போட்டு வீணாக்காமல் உங்கள் ஆகச் சிறந்த கல்யாணப் படத்தைப் போடுங்கள். மான்குர்த்தில் ஒரு ஸ்டுடியோவுக்கு வருகிற சிபாரிசு அத்தை, மாமா, சித்தப்பா குரூப் வழியாகத்தான் வருகிறது. அங்கே தெரிகிற அந்தக் குட்டிப் படம்தான் உண்மையான பெயர்ப்பலகை.

விலை போடலாமா என்ற தயக்கம் எல்லாருக்கும் உண்டு. முழுப் பட்டியல் வேண்டாம். 'இத்தனை ரூபாயிலிருந்து' என்று தொடக்க விலை ஒன்று இருந்தால் கட்டாதவர் கேட்காமலே போவார், கட்டுகிறவர் தைரியமாகக் கேட்பார். இரண்டு பேருடைய நேரமும் மிஞ்சும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்பது நியாயமான கேள்வி. தமிழ்க் கல்யாணக் காலண்டரே அதற்கு வழி விட்டு வைத்திருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. ஆடியில் கணபதி மண்டல்களின் பேனர் வேலை தலைக்கு மேல் இருக்கும், அதனால் பக்கத்தைத் திருத்த ஏற்றது மார்கழி. அந்த முப்பது நாளில் பழைய எட்டுக் கல்யாணங்களில் நாலை எடுத்துவிட்டு அந்த வருஷத்தில் எடுத்த நாலைச் சேர்க்கலாம். மராத்திப் பக்கத்தை மராத்தி எழுதத் தெரிந்த ஒருவரிடம் காட்டித் திருத்தலாம். பேஜ்ஸ்பீடில் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம். மேலே, தலைப்புக்கு அடியில், பலூ தம்பியில் ஒரு வரி: 'தை முகூர்த்தங்கள் நிறைந்தன, மாசிக்குத் தேதி உண்டு.' லோக்கலில் ஒற்றைக் கையால் அதைப் படிக்கிறவர் நேராக மாசியைப் பற்றியே கேட்பார்.